ஓட்டுநர் இல்லாத வண்டி: பொறுப்பு யாருடையது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். குறிப்புகூட எழுதி வைத்திருந்தேன். போன மாதம் பள்ளி வாசகசாலைக்குச் சில புத்தகங்கள் கொடுக்க வந்தபோது, ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா, நீங்க காடி இன்சூரன்சு ஆபீசுல வேலை செஞ்சீங்களாமே. டிரைவரே இல்லாத காடி ஒரு ஆளை மோதிட்டா போலீசு யாரைப் புடிக்கும்?" என்று கேட்டான்.

விபத்துக் கோரிக்கைகளைப் பார்க்கும் மேசையில் 31 ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "மணி அடிச்சிட்டாங்க பாரு, ஓடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே அந்தக் குறிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவனுக்குத் தர வேண்டிய பதிலோடு வந்திருக்கிறேன்.

இது என்ன வண்டி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியைச் சுற்றிலும் கேமராக்கள் இருக்கும். ராடார் இருக்கும். ஒளிக்கதிரை வீசி, அது எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் லைடார் என்னும் கருவியும் பலவற்றில் இருக்கும். இவை கண்டதையெல்லாம் ஒரு கணினி சேர்த்துப் பார்த்து, இது லோரி, இது சைக்கிள், இது ஆள் என்று முடிவு செய்து, ஸ்டேரிங்கையும் பிரேக்கையும் தானே இயக்கும். பொறியாளர்கள் இதை 0 முதல் 5 வரை படி போட்டு வைத்திருக்கிறார்கள். நமக்கு இரண்டு படி தெரிந்தால் போதும். இரண்டாம் படியில் வண்டி கோடு தாண்டாமல், முன் வண்டிக்கு இடைவெளி விட்டு ஓடும். ஆனால் மனிதன் கண்ணை எடுக்கக் கூடாது. நான்காம் படியில், குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் மனிதனே வேண்டியதில்லை. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2020 ஆம் ஆண்டிலிருந்தே வேமோ என்னும் நிறுவனத்தின் டாக்சிகள் டிரைவர் இல்லாமல் பொதுமக்களை ஏற்றிச் செல்கின்றன.

"ஐயய்யோ, ஆளில்லாத வண்டியில நான் ஏற மாட்டேம்பா" என்று பின்வரிசையில் ஒரு தாயார் சொல்வது என் காதில் விழுகிறது. அம்மா, கோலாலம்பூருக்குப் போனால் நீங்கள் எதில் ஏறுகிறீர்கள்? 1998 இல் திறக்கப்பட்ட கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தில் தொடக்கத்திலிருந்தே ஓட்டுநர் இல்லை. சிங்கப்பூரின் வடகிழக்குத் தடம் 2003 இலிருந்து அப்படித்தான் ஓடுகிறது. என் பேரன் எல்.ஆர்.டி.யின் முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "தாத்தா, நான்தான் ஓட்டுறேன்" என்பான். நாமும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஓட்டுநர் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. பழகப் பழக நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தத் தடத்தில் 2021 மே 24 ஆம் நாள் இரவு, கே.எல்.சி.சி.க்கு அருகே சுரங்கத்துக்குள் இரண்டு இரயில்கள் மோதிக்கொண்டன. ஓர் இரயில் 213 பயணிகளோடு தானியங்கி முறையில் ஓடிய இரயில். மற்றது ஆளில்லாத வெற்று இரயில். அதை ஒரு மனிதர் கையால் ஓட்டி வந்தார். எதிர்த்திசையில் வந்து மோதியது அந்த வெற்று இரயில்தான். பயணிகளில் 47 பேருக்குக் கடுமையான காயம். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று விசாரணை சொன்னது. இதைக் கேட்டவர்கள், "பாத்தீங்களா, மெசினு ஒழுங்காத்தான் ஓடுச்சு, மனுசன்தான் தப்பு" என்றார்கள். எனக்கு அப்படிச் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மனிதன் திசை மாறிப் போனால் தடுத்து நிறுத்த ஒரு பூட்டு வேண்டாமா? காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இரயிலுக்குத் தண்டவாளம் உண்டு, வேலி உண்டு. சாலையில் அப்படியா? நம் தோட்டத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள். ஆடு போகும், மாடு போகும், மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் எதிர்ப்பக்கத்தில் வரும். 2019 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் மாண்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அத்தனை வண்டிகளையும் ஓட்டியது மனிதர்கள்தாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இயந்திரம் குடிக்காது, தூங்காது, கைப்பேசி பார்க்காது. ஆகவே இந்த வண்டியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

இப்போது பையன் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். அது கற்பனைக் கேள்வியன்று. உண்மையாகவே நடந்தது.

2018 மார்ச் 18 ஆம் நாள் இரவு பத்து மணியளவில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்னும் ஊரில், 49 வயதுப் பெண்மணி ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகன்ற சாலையைக் கடந்தார். ஊபர் நிறுவனம் சோதனைக்காக விட்டிருந்த தானியங்கி வண்டி அவர்மீது மோதியது. அவர் இறந்துபோனார். தானே ஓடும் சோதனை வண்டி மோதிச் சாலையில் நடந்தவர் ஒருவர் இறந்தது உலகில் அதுவே முதல் முறை.

அமெரிக்காவில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று உண்டு. அது போலீசும் இல்லை, நிறுவனமும் இல்லை. விபத்துக் காரணத்தைத் தோண்டிப் பார்ப்பதே அதன் வேலை. அவர்கள் வண்டியின் கணினிக்குள் இருந்த பதிவை எடுத்துப் படித்தார்கள். மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே வண்டி அந்த அம்மாவைக் கண்டுவிட்டது. 5.6 விநாடி என்றால் நூறு மீட்டருக்கு மேல் தூரம் இருக்கிறது. நம் பள்ளித் திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. கண்டும் நிற்கவில்லை. ஏன்? அது என்ன என்று அதற்கு விளங்கவில்லை. ஒரு நேரம் வாகனம் என்றது, ஒரு நேரம் வேறு ஏதோ பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. முடிவை மாற்றும் ஒவ்வொரு முறையும், அது எந்தப் பக்கம் நகர்ந்து வருகிறது என்ற பழைய கணக்கை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. கோடு போட்ட இடத்தைத் தவிர வேறு இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பார் என்று அதற்கு எழுதிக் கொடுக்கவே இல்லை. இது ஒன்றைக் கேட்டு நான் அசந்துபோனேன். கோடு பார்த்துச் சாலை கடக்கும் ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது?

இன்னும் கேளுங்கள். மோதல் தப்பாது என்று வண்டிக்குத் தெரிந்தபோது 1.2 விநாடிதான் மீதி. அப்போதும் ஒரு விநாடி சும்மா இருக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். இல்லாத ஆபத்துக்கெல்லாம் அடிக்கடி பிரேக் போடக் கூடாது என்பதற்காகவாம். அந்த வால்வோ காடியோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த அவசரப் பிரேக் ஒன்று இருந்தது. கணினி ஓட்டும்போது அது வேலை செய்யாதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் சோதனை வண்டியில் இரண்டு பேர் இருப்பார்கள். சில மாதங்களுக்கு முன்தான் அதை ஒருவராகக் குறைத்திருந்தார்கள்.

அந்த ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார்? கைப்பேசியில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. தவறுதான். யாரும் மறுக்க முடியாது. ஆனாலும், தானே நன்றாக ஓடும் வண்டியில் மணிக்கணக்காக, ஒன்றும் செய்யாமல், கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்றால், மனித மனம் எத்தனை நாளைக்கு விழித்திருக்கும்? இரவு ஜாகா பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். அந்த வாரியமும் 2019 நவம்பரில் இதையே சொன்னது. முதல் காரணம் அந்த ஓட்டுநரின் கவனக்குறைவு. அதற்குத் துணை நின்றவை நிறுவனத்தின் பாதுகாப்புக் குறைபாடுகள், மாநில அரசின் போதாத மேற்பார்வை, அந்த அம்மா கோடில்லாத இடத்தில் கடந்தது என்று நாலு பக்கமும் பங்கு வைத்தது.

ஆனால் நீதிமன்றத்துக்குப் போனது யார்? நிறுவனத்தின்மீது குற்ற வழக்குக்கு இடமில்லை என்று அரசு வழக்கறிஞர் 2019 மார்ச்சில் சொல்லிவிட்டார். இருக்கையில் இருந்தவர்மீது 2020 இல் வழக்குப் போட்டார்கள். 2023 இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். பிரேக்கை நிறுத்தி வைத்தவர், ஒரு விநாடி சும்மா இரு என்று எழுதியவர், இரண்டு ஆளை ஒரு ஆளாகக் குறைத்தவர் யாரும் கூண்டில் ஏறவில்லை.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தகப்பனார் நினைவு வந்துவிட்டது.

அவர் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். 1968 ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. லோரிக்குப் பிரேக் சரியில்லை என்று ஆபீசில் மூன்று முறை சொல்லியிருக்கிறார். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்களாம். ஒரு நாள் மழையில், மேட்டிலிருந்து இறங்கும்போது லோரி நிற்காமல் கானுக்குள் சாய்ந்தது. பின்னால் ஏறி வந்த எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவருக்குக் கால் போயிற்று. விசாரணை நடந்தது. "பிரேக் பத்தி நான் சொன்னேனுங்க, புக்கைப் பாருங்க" என்றார் அப்பா. புக்கைக் கொண்டு வந்தார்கள். அதில் ஒரு வரிகூட இல்லை. அது ஆங்கிலத்தில் எழுதும் புக்கு. எழுதுவதும் ஆபீசு, வைத்திருப்பதும் ஆபீசு. அப்பாவின் லைசென்சு போயிற்று. மருந்தடிக்கும் வேலைக்குப் போனார். ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போய், வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். உள்ளே வா தம்பி என்று அவர் கூப்பிட்டாலும் போக மாட்டார். நான் பிறகு இன்சூரன்சு வேலைக்குப் போனதற்கும் அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே, இந்த வண்டியை நம்பலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் கேள்வி ஒன்றுதான்: புக்கு யார் கையில் இருக்கிறது?

தானியங்கி வாகனம் ஒவ்வொரு விநாடியும் புக்கு எழுதிக்கொண்டே போகிறது. என்ன கண்டது, எப்போது கண்டது, அந்த நேரம் ஓட்டியது மனிதனா கணினியா என்று அத்தனையும் அதில் பதிவாகும். என் அப்பாவுக்கு அப்படி ஒரு சாட்சி இருந்திருந்தால் அவர் தலை நிமிர்ந்து நடந்திருப்பார். ஆனால் அந்தப் பதிவை நிறுவனமே பூட்டி வைத்துக்கொண்டால், அது பழைய ஆபீசு புக்குதான்.

இதற்கும் ஒரு நடப்பு உண்டு. 2023 அக்டோபர் 2 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்ணை, மனிதர் ஓட்டிய காடி ஒன்று மோதித் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிட்டது. அவர் வந்து விழுந்தது குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத டாக்சியின் முன்னால். அது பிரேக் போட்டும் அவரை மோதியது, நின்றது. அதுவரைக்கும் பழி அந்த முதல் காடிக்கே. பிறகு, அடியில் ஆள் இருப்பது தெரியாமல், ஓரமாகப் போய் நிற்கலாம் என்று நகர்ந்து, அவரை ஏறக்குறைய ஆறு மீட்டர் இழுத்துச் சென்றது. நிறுவனம் முதல் பாதியை நன்றாகச் சொன்னது; இழுத்த கதையை அதிகாரிகளுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. மூன்றே வாரத்தில் கலிபோர்னியா அரசு ஓட்டுநர் இல்லாமல் வண்டி விடும் அனுமதியை நிறுத்தியது. பொய்யான அறிக்கை கொடுத்ததை 2024 இல் நிறுவனம் ஒப்புக்கொண்டு 5 இலட்சம் டாலர் தண்டம் கட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் தொழிலையே கைவிட்டது. விபத்து ஒரு நாள் நடந்தது. தொழிலைச் சாய்த்ததில் மறைத்ததற்கும் பெரிய பங்குண்டு.

மேல்நிலை மாணவர்கள் வேறொரு கேள்வி கேட்பார்கள். மோதுவது தவிர்க்க முடியாதென்றால், கிழவனை விடுவதா குழந்தையை விடுவதா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழக ஆய்வாளர்கள் உலகம் முழுவதும் இதைக் கேட்டு, சுமார் 4 கோடி விடைகளைத் திரட்டி 2018 இல் வெளியிட்டார்கள். நாட்டுக்கு நாடு விடை மாறியது. ஜெர்மனி அரசு அமைத்த அறநெறிக் குழுவோ 2017 இலேயே, வயதையும் ஆண் பெண் என்பதையும் வைத்து உயிரைத் தரம் பிரிக்கக் கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டது. கிழவனான எனக்கு அதில் ஓர் ஆறுதல். உண்மையில், டெம்பி ஊரில் அப்படி ஒரு தர்மசங்கடமும் வரவில்லை. நேரத்தில் பிரேக் போட்டிருந்தால் போதும்.

சட்டம் என்ன செய்யலாம் என்பதற்குப் பிரிட்டன் 2024 மே மாதத்தில் நிறைவேற்றிய தானியங்கி வாகனச் சட்டத்தைப் பார்க்கலாம். கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநர் அளவுக்காவது வண்டி பாதுகாப்பாக ஓட வேண்டும். வண்டி தானே ஓடும் நேரத்தில் நடக்கும் ஓட்டுக் குற்றத்துக்கு இருக்கையில் இருப்பவரைப் பிடிக்கக் கூடாது. அனுமதி பெற்ற நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். பாதுகாப்பு விவரத்தை மறைத்தாலோ பொய் சொன்னாலோ அது குற்றம். இதைப் படித்தபோது, யாரோ ஒருவர் என் அப்பாவின் வழக்கைத் திரும்ப எடுத்தது போல் எனக்கு இருந்தது. நம் அண்டை வீடான சிங்கப்பூர், 2017 இலேயே சோதனை வண்டிகளில் பதிவுக் கருவியும் காப்புறுதியும் கட்டாயம் என்று விதி செய்தது. 2025 இல் புங்கோல் வட்டாரத்தில் குடியிருப்பாளர்களை ஏற்றிச் செல்ல நிறுவனங்களையும் தேர்ந்தெடுத்தது. அங்கே வந்தது பாலம் தாண்டி இங்கே வர எத்தனை நாளாகும்?

நம் நாட்டின் 1987 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், ஸ்டேரிங்குக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார் என்று வைத்தே எழுதப்பட்டது. பெற்றோர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் மகன் புதுக் காடி வாங்கும்போது, "அங்கிள், கைய விட்டாலும் அதுவே ஓடும்" என்று விற்பவர் சொல்லுவார். அது இரண்டாம் படி வண்டி. கோர்ட்டில் அந்த விற்பனையாளர் உங்கள் மகனுக்குப் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குப் போட்டு நின்றால், மற்ற வண்டிகள் நின்றாக வேண்டும். 2025 இல் ஆஸ்டின், அட்லாண்டா நகரங்களில் வேமோ டாக்சிகள் நிற்காமல் கடந்து போனது பேருந்துக் கேமராவிலும் வழிப்போக்கர் படத்திலும் பதிவானது. நல்ல வேளை, எந்தப் பிள்ளைக்கும் அடிபடவில்லை. பள்ளிக்கூடத்தார் படத்தோடு புகார் செய்தார்கள். டிசம்பரில் நிறுவனம் தன் வண்டிகளின் மென்பொருளைத் திருத்துவதாக அறிவித்தது. ஒரு டிரைவர் தவறு செய்தால் அவர் மட்டும் திருந்துவார். இங்கே ஒரு தவறு என்றால் எல்லா வண்டியும் அதையே செய்யும். திருத்தினால் எல்லா வண்டியும் ஒன்றாகத் திருந்தும். அந்தப் பள்ளிக்கூடத்தாரிடம் சொந்தமாக ஒரு புக்கு இருந்தது, கவனித்தீர்களா?

தம்பி, நீ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்துவிட்டேன். உன் கேள்விக்கு என் பதில் இது. இன்றைக்கு நம் ஊரில் நடந்தால், போலீசு ஸ்டேரிங்குக்குப் பின்னால் இருக்கும் ஆளைத்தான் பிடிக்கும். இருக்கையே காலியாக இருந்தால், வண்டிக்குள் இருக்கும் பதிவைப் பிடிக்க வேண்டும். அதைப் படித்து, எழுதியவரையும் விட்டவரையும் கூப்பிட வேண்டும். அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்த ஆள் நம் தரப்பிலும் ஒருவர் வேண்டும். என் அப்பாவுக்கு அன்று அந்தப் புக்கைப் படிக்கத் தெரியவில்லை. உனக்குக் கணிதத்தில் முதல் பரிசு என்று டீச்சர் சொன்னார்கள். மேடைக்கு வா, நானே எடுத்துக் கொடுக்கிறேன்.